இரண்டு நிமிடத்தில் ஒரு செல் எப்படிச் சாகிறது? பாசி நச்சும் பெர்கன் ஆய்வகமும்

கேள்வி: "ஏரியிலும் கடலிலும் பாசிகள் உண்டாக்கும் நச்சு, கல்லீரல் செல்களை இரண்டே நிமிடத்தில் 'தற்கொலை' செய்ய வைக்கிறது என்று நார்வே ஆய்வாளர் காரி ஃபிளாட்மார்க்கின் ஆய்வு பற்றிய ஒரு குறிப்பில் படித்தேன். உண்மையா? நஞ்சு கொல்வதற்கும் செல் தானாகச் சாவதற்கும் என்ன வேறுபாடு? இதையெல்லாம் தெரிந்துகொண்டு நமக்கு என்ன பயன்?"

உண்மைதான். இரண்டு நிமிடம் என்பதும் மிகையில்லை. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் ஃபிளாட்மார்க்கும் ஸ்டைன் ஊவே டோஸ்கெலான்டின் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொல்வது இதுதான்: எலியின் கல்லீரலில் இருந்து பிரித்தெடுத்த செல்களுக்கு நொடுலாரின் அல்லது மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைக் கொடுத்தால், பாதிக்கும் மேற்பட்ட செல்கள் இரண்டு நிமிடத்துக்குள் சுருங்கி, மேற்பரப்பு முழுக்கக் கொப்புளித்துவிடுகின்றன. அதுவரை யாரும் பார்த்திராத வேகம் அது. பொதுவாக ஒரு செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ள மணிக்கணக்கில் ஆகும்.

'தற்கொலை' என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடைசிக் கேள்வி பயனைப் பற்றியது. அதனால் ஆய்வகத்திலிருந்து தொடங்காமல் ஒரு டயாலிசிஸ் கூடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1996 பிப்ரவரி. பிரேசிலின் வடகிழக்கில் பெர்னாம்புக்கோ மாநிலத்தில் உள்ள கருவாரு நகரம். வறட்சிக் காலம். அங்கிருந்த ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அணைத்தேக்கத்து நீர், முழுமையாகச் சுத்திகரிக்கப்படாமல் வந்தது. சிகிச்சைக்கு வந்த 131 பேரில் 116 பேருக்குப் பார்வை மங்கல், குமட்டல், வாந்தி, தசைத் தளர்ச்சி. பிறகு 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் நேர்ந்த சாவுகளில் 52, தண்ணீரில் இருந்த நச்சினால் நேர்ந்தவை என்று உறுதியானது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 120 லிட்டர் நீரை ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் தன் ரத்தத்தோடு உறவாட விடுகிறார். நாம் குடிக்கும் நீர் வயிறு, குடல் என்று வடிகட்டிகளைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகும். இவர்களுக்கு அந்தக் காவலே இல்லை. அமெரிக்காவின் வெய்ன் கார்மைக்கேல், ரியோ டி ஜெனிரோவின் சாண்ட்ரா அசெவேடோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் மையத்தின் வடிகட்டிக் கரியிலும், நோயாளிகளின் ரத்தத்திலும், இறந்தவர்களின் கல்லீரலிலும் மைக்ரோசிஸ்டினைக் கண்டுபிடித்தார்கள். மையத்துக்கு வந்த நீரில் லிட்டருக்கு 19.5 மைக்ரோகிராம் இருந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறிய அளவு எப்படி ஒரு கல்லீரலையே கவிழ்க்கிறது? ஃபிளாட்மார்க் போன்றவர்களின் வேலை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் நச்சைப் பற்றி. கோடையில் தேங்கிய நீரின் மேல் பச்சைப் பெயின்டைக் கொட்டியது போல ஒரு படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலப்பச்சைப் பாசி என்று சொன்னாலும் அது உண்மையில் பாசி இல்லை. பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அதன் பெயர். எல்லாப் பச்சைப் படலமும் நஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில வகைகள் மைக்ரோசிஸ்டினை உண்டாக்கும், நொடுலேரியா என்பது நொடுலாரினை உண்டாக்கும். கண்ணால் பார்த்து நஞ்சுள்ளதா இல்லையா என்று சொல்ல முடியாது.

இது புதிதாக வந்த தொல்லையும் அல்ல. தென் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி படர்ந்த நீரைக் குடித்த கால்நடைகள் செத்ததைப் பற்றி ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878இலேயே நேச்சர் இதழில் எழுதினார். அது நொடுலேரியாதான். ஆனால் நச்சின் வேதியியல் அமைப்பு தெரியவர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. 1980களில் தென்னாப்பிரிக்காவில் போட்டெஸ் என்பவரின் குழு மைக்ரோசிஸ்டினின் அமைப்பைப் பிரித்து அறிந்தது. ஏழு அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். நொடுலாரினும் வளையம்தான், அதில் ஐந்து. இரண்டிலும் அட்டா என்ற ஒரு விசித்திரமான அமினோ அமிலம் உண்டு. நம் உடலின் புரதங்கள் எதிலும் அது கிடையாது. நீண்ட வால் போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்தான் பின்னால் வேலையைக் காட்டப்போகிறது. வளையத்தில் எந்த அமினோ அமிலம் எந்த இடத்தில் மாறி அமர்கிறது என்பதைப் பொறுத்து இன்று 200க்கும் மேற்பட்ட மைக்ரோசிஸ்டின் வகைகள் தெரியும். அதிகம் ஆராயப்பட்டது மைக்ரோசிஸ்டின் எல்ஆர்.

வளையமாக இருப்பதால் அது சுலபத்தில் உடையாது. கொதிக்க வைத்தாலும் தாங்கும். நீரில் கரையும். ஆனால் செல்லின் கொழுப்புச் சவ்வைத் தானாக ஊடுருவிப் போக அதனால் முடியாது. யாராவது கதவைத் திறந்து உள்ளே விட வேண்டும்.

கதவைத் திறப்பது கல்லீரல். ரத்தத்திலிருந்து பித்த அமிலங்களையும் பல மருந்துகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் சில கடத்திப் புரதங்கள் உள்ளன. அவை மைக்ரோசிஸ்டினையும் தமக்கு வேண்டிய சரக்கு என்று எண்ணி உள்ளே இழுத்துவிடுகின்றன. உடலைச் சுத்தம் செய்வதற்கென்று வைத்த வாசல் வழியாகவே நஞ்சு போகிறது. நச்சுக் காளான்களின் நஞ்சு கல்லீரலைத் தாக்குவதும் ஏறத்தாழ இதே வாசல் வழியாகத்தான்.

இதில் ஆய்வகத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்டுகளாக வளர்க்கப்படும் கல்லீரல் புற்றுநோய் செல்கள் ஆய்வகங்களில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் இந்தக் கதவுகள் அடைபட்டுப் போயிருக்கும். அவற்றின் மேல் மைக்ரோசிஸ்டினைக் கொட்டிவிட்டு 'பெரிதாக ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதினால், நச்சைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது. அப்போதே பிரித்தெடுத்த புதுக் கல்லீரல் செல்கள் தேவை. உயிருள்ள கல்லீரலின் ரத்தக் குழாய் வழியே கொலாஜினேஸ் நொதியைச் செலுத்தி, செல்களைப் பிணைத்திருக்கும் இழைகளைக் கரைத்து, ஒவ்வொரு செல்லாகப் பிரிக்க வேண்டும். நார்வேயில் பெர் செக்லென் 1970களில் இந்த முறையைச் செம்மைப்படுத்திக் கொடுத்திருந்தார். அந்த நாட்டின் ஆய்வகங்களுக்கு அது கைவந்த கலை. இப்படிப் பிரித்த செல்கள் சில மணி நேரமே நல்ல நிலையில் இருக்கும். காலையில் பிரித்தால் அன்றைக்கே சோதனையை முடித்தாக வேண்டும். இது எளிய வேலை இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சரி, உள்ளே போன நச்சு என்ன செய்கிறது?

செல்லுக்குள் புரதங்களை முடுக்கவும் நிறுத்தவும் பொதுவாக ஒரே உத்திதான் பயன்படுகிறது. புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவது, வேண்டாதபோது பிய்த்து எடுப்பது. ஒட்டும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர், எடுக்கும் நொதிகளுக்குப் பாஸ்படேஸ். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்குத்தான் எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்சுக்கும் 1992இல் நோபல் பரிசு. மனித உடலில் கைனேஸ்கள் 500க்கும் மேல். செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களில் இருந்து பாஸ்பேட்டை எடுக்கும் வேலையின் பெரும்பகுதியையோ பிபி1, பிபி2ஏ என்ற இரண்டு பாஸ்படேஸ்களே சுமக்கின்றன.

ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய்கள் பல, மதகுகள் இரண்டே இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மதகையும் ஒரே நேரத்தில் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? மழை கூட வேண்டாம். எப்போதும் வரும் தண்ணீர் வந்தாலே போதும், கரை உடைந்துவிடும். மைக்ரோசிஸ்டின் செய்வது அதுதான். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் கரோல் மெக்கின்டோஷ், பிலிப் கோஹன் முதலியோர் 1990இல் இதைக் காட்டினார்கள். ஜப்பானிலும் அதே ஆண்டில் இன்னொரு குழு இதே முடிவுக்கு வந்தது. அட்டா என்ற அந்த வால் பாஸ்படேஸின் வேலை செய்யும் குழிக்குள் நேராகப் போய் அமர்கிறது. அதோடு நிற்காமல் மைக்ரோசிஸ்டின் வளையத்தின் இன்னொரு பகுதி நொதியின் ஒரு சிஸ்டீனோடு நிரந்தரப் பிணைப்பையும் போட்டுக்கொள்கிறது. அதன் பிறகு அந்த நொதி மூலக்கூறு மீளாது.

கடலிலும் இதே வேலையைச் செய்யும் ஒரு நச்சு உண்டு. ஒகடாயிக் அமிலம். ஜப்பானின் ஒரு கருநிறக் கடற்பஞ்சில் இருந்து பிரித்தெடுத்து அதன் அமைப்பை 1981இல் வெளியிட்டார்கள். உண்மையில் அதை உண்டாக்குவது டைனோபிளாஜெல்லேட் என்னும் மிதக்கும் நுண்ணுயிர்கள். மட்டிகள் கடல்நீரை வடிகட்டித் தின்னும்போது அது அவற்றின் உடலில் சேர்கிறது. அந்த மட்டியைச் சாப்பிட்டவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு. நன்னீர்ப் பாக்டீரியா ஒன்று, கடல் நுண்ணுயிர் ஒன்று. இவற்றின் நச்சுகளுக்கு வடிவத்தில் ஒற்றுமை இல்லை, இருந்தும் இரண்டும் அடைப்பது அதே மதகுகளை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

இப்போது சாவைப் பற்றி. செல் சாவதில் இரண்டு விதம் உண்டு என்பதைத் தெளிவாகச் சொன்னவர்கள் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரீ ஆகிய மூவர், 1972இல். ஆஸ்திரேலியரான கெர் அதற்கு முன்பே எலியின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயின் ஒரு கிளையைக் கட்டிவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சில செல்கள் வீங்கி வெடித்துச் சிதறின. அது அவருக்குத் தெரிந்த சாவு. வேறு சில செல்களோ வீங்கவில்லை, சுருங்கின. சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்தன. அக்கம்பக்கத்துச் செல்கள் அந்த உருண்டைகளை விழுங்கிவிட்டன. அழற்சி இல்லை, குப்பை இல்லை. இதற்குப் பெயர் வேண்டுமே? அபர்டீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மேக் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்: அப்போப்டோசிஸ். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழில் 'செல் உதிர்வு' என்றே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

இந்த உதிர்வை நடத்துவது காஸ்பேஸ் என்ற கத்தரிப்பு நொதிகள். ஒவ்வொரு செல்லிலும் இவை உறை போட்ட கத்தி போலச் செயலற்றுக் கிடக்கும். உறை கழன்றால் செல்லின் சட்டகம், கரு, எல்லாவற்றையும் திட்டமிட்ட இடங்களில் வெட்டும். அந்த வேலை கட்டுக்கோப்பாக நடப்பதால்தான் உள்ளிருக்கும் சரக்கு வெளியே கொட்டாமல் உருண்டைகளாகப் பொட்டலம் கட்டப்படுகிறது.

டோஸ்கெலான்டின் பெர்கன் குழு 1991இலேயே ஒகடாயிக் அமிலம் பாலூட்டி செல்களில் அப்போப்டோசிஸ் போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது என்று காட்டியிருந்தது. அந்தத் தடத்தில்தான் ஃபிளாட்மார்க் வருகிறார். அவர் பங்கேற்ற 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, எலியின் கல்லீரல் செல்களையும் சால்மன் மீனின் கல்லீரல் செல்களையும் திரவத்தில் மிதக்கவிட்டு, அவற்றையே நச்சு காட்டும் கருவியாகப் பயன்படுத்தலாம் என்றது. மட்டி நச்சு ஆய்வில் பெரிய பெயரான ஜப்பானின் டகேஷி யசுமோட்டோவும் அந்தக் கட்டுரையில் ஒருவர். அன்றைக்கு ஐரோப்பாவில் மட்டியில் நச்சு உண்டா என்று பார்க்க, சாற்றை எடுத்துச் சுண்டெலியின் வயிற்றில் ஊசியாகப் போட்டு அது சாகிறதா என்று காத்திருப்பார்கள். அதற்கு மாறாக, செல்கள் எந்த விதமாகச் சாகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தால் நச்சின் வகையையே ஊகிக்க முடியும். மட்டியும் சால்மனும் ஏற்றுமதியாகும் நாடு நார்வே. இந்தக் கேள்வி அங்கே பிறந்ததில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டுக் கட்டுரைதான் நீங்கள் படித்த குறிப்பில் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு நிமிடம் என்ற எண்ணை விட, அதை அவர்கள் எப்படியெல்லாம் குறுக்கு விசாரணை செய்தார்கள் என்பதுதான்.

முதல் சந்தேகம்: இது கல்லீரல் செல்லின் தனிக் குணமாக இருக்குமோ? மற்ற பெரும்பாலான செல்களில் நச்சை உள்ளே விடும் அந்தக் கதவு இல்லை. அதனால் மெல்லிய கண்ணாடி ஊசியால் நச்சை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நேரடியாகச் செலுத்தினார்கள். சிறுநீரகச் செல், இணைப்புத் திசுச் செல், ரத்தப் புற்றுச் செல் என்று பல வகை. எல்லாமே அரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் கொப்புளிக்கத் தொடங்கின. சுருங்கின. சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் வந்தது. 'என்னை விழுங்கிவிடு' என்று அண்டைச் செல்லுக்குக் காட்டும் அடையாளம் அது. ஆக, கல்லீரலின் தனித்தன்மை கதவு மட்டும்தான். உள்ளே போய்விட்டால் எந்தச் செல்லும் தப்பாது.

இரண்டாவது: இது உண்மையான உதிர்வா, இல்லை வெளித்தோற்றம் மட்டுமா? காஸ்பேஸ்களை முடக்கும் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். சாவு தாமதமானது. இன்னும் அழகான சோதனை ஒன்று உண்டு. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்வகையில் காஸ்பேஸ்-3 என்ற கத்தி பிறவியிலேயே இல்லை. அவற்றுக்கு நச்சைக் கொடுத்தபோது சாவு மெதுவாக வந்தது, காஸ்பேஸ் தடுப்பானும் அதை மாற்றவில்லை. அதே செல்களுக்குக் காஸ்பேஸ்-3 மரபணுவைக் கொடுத்ததும் சாவு விரைவுபட்டது, தடுப்பானுக்கும் கட்டுப்பட்டது. கத்தி இருந்தால் வேகம், இல்லாவிட்டால் மந்தம். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

மூன்றாவது: வரிசை என்ன? காஸ்பேஸைத் தடுத்து வைத்திருந்தபோதும் புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஆகவே பாஸ்பேட் ஏறுவது முதல், கத்தி உருவப்படுவது பிறகு. வேகமான சாவுக்குப் பிபி1, பிபி2ஏ இரண்டும் அடைபட வேண்டும் என்பதும் தெரிந்தது. பாஸ்பேட் ஏறிய புரதங்களில் ஒன்று மயோசினின் ஒரு துண்டு. மயோசின்தான் செல்லின் உட்சட்டகத்தை இறுக்கிப் பிடிக்கும் தசைப் புரதம். அதில் பாஸ்பேட் ஏறினால் இறுக்கம் கூடும். நுண்ணோக்கியில் தெரியும் கொப்புளங்களுக்கு இது ஒரு விளக்கம்.

மதகு அடைபட்டது சரி. எந்த வரத்துக் கால்வாய் கரையை உடைத்தது? 500 கைனேஸ்களில் யார்? இதற்கான பதில் 2002இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. கால்சியத்துக்குக் கட்டுப்படும் காம்கைனேஸ்-2 என்ற நொதி. அதைத் தடுத்தால் மைக்ரோசிஸ்டின் உள்ளே இருந்தும் செல் உதிரவில்லை. மறுபக்கம், நச்சே இல்லாமல் இந்த நொதியின் முடுக்கப்பட்ட வடிவத்தைச் செல்லில் உண்டாக்கினால் அது மட்டுமே செல்லை உதிர வைத்தது. செயலற்ற வடிவம் அப்படிச் செய்யவில்லை. காம்கைனேஸ்-2 நினைவாற்றல் ஆய்வில் பெயர்பெற்ற நொதி. மூளையில் ஒரு நினைவைப் பதிய உதவுவதும், கல்லீரலில் ஒரு செல்லை இரண்டு நிமிடத்தில் முடிப்பதும் ஒரே நொதிக் குடும்பம்.

இங்கேதான் 'தற்கொலை' என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தச் செல்லுக்குச் சாக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. மரபணு சிதையவில்லை, வயதாகவில்லை. பொதுவாக உதிர்வுக்கு முன் செல்லுக்குள் ஒரு நீண்ட கலந்தாலோசனை நடக்கும். மைட்டோகாண்ட்ரியா வழியாகச் சமிக்ஞை போகும், பிசிஎல்-2 என்ற காவல் புரதம் 'இரு, இரு' என்று தடுக்கும். பெர்கன் குழு அந்தக் காவலைக் கூட்டிப் பார்த்தது. சாவு தாமதமாகவில்லை. நச்சு அந்த விசாரணையையே நடக்கவிடவில்லை. எனவே கொலை என்றுதான் சொல்வேன். கத்தி மட்டும் செத்தவனுடையது.

இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டதும் இதுதான். மைக்ரோசிஸ்டின் செல்லில் எதையும் எரிக்கவில்லை, ஓட்டை போடவில்லை. ஒவ்வொரு கணமும் நடந்துகொண்டிருந்த ஒரு தடுப்பை நீக்கியது, அவ்வளவுதான். சாவுக்கு வேண்டிய சாமான்கள் முழுதும் ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தன. இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்காது. புதிதாக ஒரு புரதத்தைத் தயாரிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். பாடப்புத்தகத்தில் பாஸ்படேஸை வேலை முடிந்தபின் கூட்டிப் பெருக்குபவர் போலக் காட்டுவார்கள். இந்தச் சோதனை காட்டுவதோ, அவர் கை நின்ற அடுத்த நிமிடம் வீடே விழுந்துவிடும் என்பதை.

ஒரு நேர்மையான குறிப்பும் வேண்டும். உடலுக்குள் நடப்பது குடுவையில் நடப்பதைப் போலச் சுத்தமானதல்ல. அதிக அளவு மைக்ரோசிஸ்டின் செலுத்தப்பட்ட சுண்டெலி சில மணி நேரத்தில் சாகும். திறந்து பார்த்தால் கல்லீரல் ரத்தம் கோத்து வீங்கிக் கருத்திருக்கும். செல்கள் ஒன்றையொன்று விட்டு உருண்டுவிடுவதால் இடையிலுள்ள நுண்குழாய்கள் சரிந்து ரத்தம் கல்லீரலுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. இதில் உதிர்வு எவ்வளவு, வெடித்துச் சாவது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். என் பார்வையில் இரண்டும் முரண் இல்லை. உதிர்ந்த செல்லை விழுங்க ஆள் இருந்தால்தான் அது சுத்தமான சாவு. ஒரே நேரத்தில் பாதிக் கல்லீரல் உதிர்ந்தால் யார் விழுங்குவது? பொட்டலங்களும் கடைசியில் கிழியத்தான் செய்யும்.

இன்னொரு முகமும் உண்டு. நிறைய வந்தால் செல்லைக் கொல்லும் இதே நச்சு, கொல்லாத சிறு அளவில் நாள்பட வந்தால் கட்டி வளர உதவும். ஜப்பானில் ஹிரோட்டா ஃபுஜிகியின் குழு 1988இல் ஒகடாயிக் அமிலத்துக்கும், பிறகு மைக்ரோசிஸ்டினுக்கும் இந்தக் குணம் உண்டு என்று விலங்குகளில் காட்டியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மைக்ரோசிஸ்டின் எல்ஆரை 'மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. பிபி2ஏ செல் பெருக்கத்துக்கும் கடிவாளம் என்பதை நினைத்தால் இது புரியும். கடிவாளத்தை அறுத்தால் குதிரை கவிழும். கொஞ்சம் தளர்த்தினால் தறிகெட்டு ஓடும்.

இனி பயன். மருத்துவத்தில் இருந்து தொடங்கினால், கதவை அடைத்தால் நஞ்சு உள்ளே போகாது என்பது தெளிவு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அந்தக் கடத்திப் புரதங்களை அடைக்கக்கூடியது. எலிகளில் அது மைக்ரோசிஸ்டினிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நச்சு உள்ளே போய் நொதியோடு பிணைந்த பிறகு எந்த மருந்தும் அந்தப் பிணைப்பை அவிழ்க்காது. இரண்டு நிமிடம் என்ற எண்ணுக்கு மருத்துவத்தில் அர்த்தம் இதுதான். அறிகுறி தெரிந்து மருத்துவமனைக்குப் போகும்போது செல்களுக்குள் வேலை முடிந்திருக்கும். கருவாரு மருத்துவர்களால் பலரைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு அவர்களுடைய திறமைக் குறைவு காரணமில்லை.

ஆகவே தண்ணீரிலேயே தடுக்க வேண்டும். இங்கே பலரும் செய்யும் இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கொதிக்க வைப்பது. கிருமி சாகும், இந்த நச்சு சாகாது. நீர் ஆவியாகக் குறைவதால் மிச்ச நீரில் நச்சின் அடர்த்தி கூடத்தான் செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்நீரில் மைக்ரோசிஸ்டின் கண்டபோது, குடிக்காதீர்கள் என்பதோடு, கொதிக்க வைக்காதீர்கள் என்றும் நகர நிர்வாகம் சொன்னது அதனால்தான். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் சில நாட்கள் குழாய்நீர் இல்லாமல் இருந்தார்கள்.

இரண்டாவது, பாசியைப் பார்த்ததும் மருந்து தெளித்துக் கொல்வது. நச்சின் பெரும்பகுதி உயிருள்ள பாசியின் உள்ளேதான் இருக்கும். மயில்துத்தம் போட்டுக் கொன்றால் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் உடைந்து நச்சு முழுவதும் தண்ணீரில் கரைந்துவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர்த் தேக்கத்தில் இப்படிச் செய்த சில நாட்களில், பெரும்பாலும் குழந்தைகளாக 148 பேர் நோயுற்றார்கள். அது சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்ற வேறொரு பாசி நச்சு, ஆனால் பாடம் ஒன்றுதான். பாசியை உடையாமல் முழுசாக வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிக் கரைந்திருப்பதைக் கிளர்வூட்டிய கரியாலும், போதிய அளவு குளோரினாலும் நீக்குவதே சரியான வரிசை. பாசி படர்ந்த குட்டையில் ஆடு மாடுகளையும் நாயையும் குடிக்க விடாதீர்கள். காற்று ஒதுக்கும் கரையோரத்தில்தான் படலம் தடித்திருக்கும், விலங்குகள் குடிப்பதும் அங்கேதான்.

மட்டிச் சோதனையில் சுண்டெலி ஊசி முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2014 முடிவோடு நிறுத்தி, வேதிப் பகுப்பாய்வுக்கு மாறியது. ஒரு கிலோ மட்டிச் சதையில் ஒகடாயிக் அமில வகை நச்சு 160 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்க முடியாது.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் 1998இல் வைத்த தற்காலிக வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின் எல்ஆர். வாழ்நாள் முழுதும் குடிப்பதற்கான வரம்பு அது. பிரேசில் 2000ஆம் ஆண்டில் அதே 1 மைக்ரோகிராமை நாடு முழுவதற்கும் கட்டாயச் சட்டமாக்கியது. கருவாருவின் 19.5ஐ நினைவில் வைக்கச் சொன்னேன். அந்த டயாலிசிஸ் மையத்தில் அமர்ந்திருந்தவர்கள் அந்த நீரை வாயால் குடிக்கவில்லை, ரத்தத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.